திரையில் பார்த்து என்ன கிழிக்கப் போகிறார்கள்?

கேள்வி
9 பிப்ரவரி 2025, இரவு 10.15

அக்கா மகளுக்கு 6 வயது. சிறுமூளையில் கட்டி. ஆபரேஷன் முடிந்து இன்றோடு 11 நாள். பயாப்சி ரிசல்ட் இன்னும் வரவில்லை. சொந்தத்தில் ஒருவர், “வெளிநாட்டு ஸ்பெஷலிஸ்டிடம் வீடியோவில் காட்டலாம், ஏற்பாடு செய்ய ஆள் இருக்கிறது, 40 ஆயிரம் ஆகும்” என்று அத்தானைப் போட்டுக் குடைகிறார். என்னைக் கேட்டால் இது பணக்காரர்கள் மன ஆறுதலுக்குச் செய்கிற வேலை. கத்தி பிடிப்பதும் மருந்து ஏற்றுவதும் இங்கே இருக்கிறவர்கள்தானே? அங்கே உட்கார்ந்து திரையில் பார்த்து என்ன கிழிக்கப் போகிறார்கள்?

9 பிப்ரவரி, இரவு 11.50

தம்பி, நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் 19 வருடமாக எம்.ஆர்.ஐ. மெஷின் ஓட்டுகிறேன். 4 வருடமாக வியாழக்கிழமை சாயந்திரம் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மூளைக்கட்டி வந்த பிள்ளைகளின் படங்களை வட அமெரிக்காவில் இருக்கும் டாக்டர்களுக்குத் திரையில் காட்டும் கூட்டத்தில் மவுஸ் பிடிப்பது. பேசுவது அவர்கள். “கொஞ்சம் கீழே, இன்னும் ஒரு ஸ்லைஸ், அங்கேயே நிறுத்து” என்றால் நிறுத்துவது நான்.

உங்கள் கோபத்தில் பாதி சரி. 40 ஆயிரத்தை இப்போதைக்குக் கையில் வைத்திருங்கள். மறுபாதி தப்பு. நாளைக்கு முதல் ஷிஃப்ட், காலையில் எழுதுகிறேன்.

10 பிப்ரவரி, காலை 6.20

‘வீடியோவில் காட்டுவது’ என்று ஒரே பெயரில் இரண்டு சமாச்சாரம் ஓடுகிறது. பெற்றவர்கள் ஏஜென்ட் மூலமாக வெளிநாட்டு டாக்டரோடு 20 நிமிடம் பேசுவது ஒன்று. இங்கே வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் மொத்தமாக உட்கார்ந்து, அங்கே இருக்கிற டாக்டர்கள் மொத்தமாக உட்கார்ந்து, ஒரு பிள்ளையின் ஃபைலைப் பிரித்துப் பேசுவது இன்னொன்று. நீங்கள் திட்டுவது முதலாவதை. நான் மவுஸ் பிடிப்பது இரண்டாவதில்.

இரண்டாவதற்கு நல்ல உதாரணம் ஜோர்டான். தலைநகர் அம்மானில் கிங் ஹுசைன் புற்றுநோய் மையம் இருக்கிறது. 1999-இல் புற்றுநோயில் இறந்த மன்னர் பெயர்தான். அங்கே அப்போது இப்ராஹிம் கத்தூமி என்ற குழந்தைகள் புற்றுநோய் மருத்துவர் இருந்தார். கனடாவில் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் அப்போது எரிக் பூஃபே, பிள்ளைகளின் மூளைக்கட்டிக்கே பேர்போனவர். 2004 டிசம்பரிலிருந்து இரண்டு பக்கமும் வீடியோவில் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். வாட்ஸ்அப் கிடையாது, ஜூம் கிடையாது, ஸ்கைப் பிறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்த காலம்.

2006 மே வரை 20 கூட்டம். 72 பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். அதில் 23 பேருக்கு வைத்தியத் திட்டமே பெரிதாக மாறியது. சும்மா டோஸ் மாற்றம் இல்லை, திட்டமே.

கிழித்தார்களா இல்லையா?

10 பிப்ரவரி, பகல் 1.05

சாப்பாட்டு நேரத்தில் சரிபார்த்தேன். காலையில் தப்பாக எழுதிவிட்டேன். பிள்ளைகள் 64 பேர். சிலரைப் பற்றி ஒரு முறைக்கு மேல் பேசியதால் மொத்தம் 72. அந்த 64-இல்தான் 23 பேருக்குத் திட்டம் மாறியது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மாற்றச் சொன்ன 23-இல் 21 பேருக்கு அப்படியே செய்தும் முடித்தார்கள். இந்த 21-தான் எனக்குப் பெரிய எண். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

10 பிப்ரவரி, இரவு 10.30

கீழே ஒருத்தர் “அப்படியானால் நம்ம ஊர் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்களா” என்று பாய்ந்திருக்கிறார். ஐயா, மெதுவாக.

பிள்ளைகளுக்கு வருகிற திடக்கட்டிகளில் மூளைக்கட்டிதான் அதிகம். இருந்தாலும் ஒரு மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கு வருடத்தில் கைவிரல் எண்ணிக்கைதான் வரும். அந்தக் கைவிரலிலும் பத்து ரகம். மெடுல்லோபிளாஸ்டோமா ஒன்று, எபெண்டிமோமா ஒன்று, பார்வை நரம்பில் மெதுவாக வளர்கிற கிளையோமா ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பெரியவர்களுக்குத் தினமும் தலையைத் திறக்கிற கெட்டிக்கார சர்ஜன்கூட ஒரு குறிப்பிட்ட ரகத்தைப் பிள்ளையிடம் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருக்கலாம். டொராண்டோக்காரருக்கு அதே ரகம் போன மாதமே வந்திருக்கும். வித்தியாசம் மூளையில் இல்லை, எண்ணிக்கையில்.

எங்கள் கூட்டத்தில் நான் கண்ணால் பார்த்தது ஒன்று. 12 வயதுப் பையன், மூளைக்கு நடுவே பீனியல் சுரப்பி பக்கம் கட்டி. தலையில் நீர் கோர்த்து வாந்தி. அடுத்த செவ்வாய்க்கிழமை கட்டியை எடுக்க தேதி குறித்தாயிற்று. நான் படத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர் அம்மா கேட்டார்: “ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. பார்த்தீர்களா?” இரண்டும் ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் பார்க்கிற சோதனை. அந்த இடத்தில் வருகிற சில கட்டிகளை இந்தச் சோதனையே காட்டிக் கொடுத்துவிடும். சில ரகத்துக்குக் கட்டியை முழுசாக வெட்டி எடுக்கவே வேண்டாம், கீமோவிலும் ரேடியேஷனிலும் கரைந்துவிடும்.

எங்கள் பக்கம் ஐந்து டாக்டர்கள். ஒருவரும் பேசவில்லை. பார்க்கவில்லை என்பதுதான் பதில்.

தெரியாமல் இல்லை. ஐந்து பேருக்கும் தெரியும். ஒவ்வொருவரும் இன்னொருவர் எழுதியிருப்பார் என்று நினைத்துவிட்டார்கள். நீர் வடிய மட்டும் வழி செய்தார்கள். செவ்வாய்க்கிழமை பெரிய ஆபரேஷன் நடக்கவில்லை.

11 பிப்ரவரி, காலை 5.50

ராத்திரி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்த டாக்டர் அம்மாதான் பையனைக் காப்பாற்றியது போல எழுதியிருக்கிறேன். முழுசாக அப்படி இல்லை.

அந்தக் கூட்டம் என்று ஒன்று இல்லாவிட்டால் எங்கள் சர்ஜன், ரேடியாலஜிஸ்ட், பெத்தாலஜிஸ்ட், ரேடியேஷன் டாக்டர், குழந்தைகள் டாக்டர் ஐந்து பேரும் ஒரே மேஜையில் உட்காரும் நாள் வருடத்தில் ஒன்று இருக்குமா? ஆயுத பூஜைக்கு வேண்டுமானால். வெளிநாட்டுக்காரர் பார்க்கிறார் என்ற கூச்சத்திலேயே ஃபைல் ஒழுங்காகிறது. புதன்கிழமை ராத்திரி பி.ஜி. மாணவர்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். பாதி தப்பு புதன்கிழமையே பிடிபட்டுவிடும், கேமரா போடுவதற்கு முன்னால். கல்யாணப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீடு வெள்ளையடிப்போமே, அதுபோல.

அப்படியானால் வெளிநாட்டுக்காரர் வெறும் சாக்கா என்றால் அதுவும் இல்லை. நம் ஆட்கள் கேட்கத் தயங்குகிற கேள்வியை அவர்களால் கேட்க முடிகிறது. ஜூனியர் டாக்டர் சீனியர் சர்ஜனிடம் “அந்தச் சோதனை பார்த்தீர்களா சார்” என்று கேட்க இன்னும் பத்து வருடம் ஆகும்.

11 பிப்ரவரி, இரவு 9.15

ஏஜென்ட் விஷயம் கேட்டிருந்தீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். எங்களிடம் ஸ்கேன் எடுத்த ஒரு தகப்பனார் நிலத்தை ஒத்திக்கு வைத்து அப்படி ஓர் ஏற்பாட்டுக்குப் பணம் கட்டினார். திரையில் வந்த டாக்டர் நல்ல மனிதர், நிதானமாகப் பேசியிருக்கிறார். பிறகு இரண்டு பக்கக் கடிதம் வந்தது. என்னிடம் கொண்டுவந்து படித்துக் காட்டச் சொன்னார். கடைசி வரி: “உங்கள் ஊர் மருத்துவரைக் கலந்துகொண்டு முடிவு செய்யவும்.”

அவர் வேறு என்ன எழுத முடியும்? கட்டியின் ஸ்லைடை அவர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கவில்லை. பிள்ளை நடப்பதைப் பார்க்கவில்லை. சர்ஜனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. 2020 மார்ச்சில் நம் அரசு டெலிமெடிசினுக்கு வழிகாட்டுதல் கொண்டுவந்ததே, நாட்டு எல்லைக்கு வெளியே நடக்கிற ஆலோசனைக்கு அது பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இங்கே மருந்துக்கடையில் ஒரு பட்டைகூட வாங்க முடியாது.

தகப்பனார் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அவரிடம் போய் “ஏமாந்துவிட்டீர்கள்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

12 பிப்ரவரி, மதியம் 2.40

என் தொழில் சம்பந்தமாகக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

தயவுசெய்து ஃபிலிமை ஜன்னலில் பிடித்து ஃபோனில் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். எந்த நாட்டு டாக்டராக இருந்தாலும் அதில் தெரிவது ஜன்னல் கம்பியும் எதிர்வீட்டுத் தென்னை மரமும்தான். ஒரு எம்.ஆர்.ஐ.யில் நூற்றுக்கணக்கான படங்கள். ஃபிலிமில் அடிப்பது அதில் கொஞ்சம். முழுசும் சி.டி.யில் இருக்கும், டைகாம் என்கிற மருத்துவப் பட ஃபைலாக. எங்கே ஸ்கேன் எடுத்தாலும் சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் பைக் பாக்ஸில் வெயிலில் போடாதீர்கள். இந்தக் காலத்து லேப்டாப்பில் சி.டி. போடவே ஓட்டை இல்லை என்கிறீர்களா? பென் டிரைவ் கொடுத்தால் நாங்களே ஏற்றித் தருவோம். வைரஸ் இல்லாத பென் டிரைவாக.

அடுத்து பெயர். அந்தப் பக்கத்து ஃபாரத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம். நமக்கு ஏது? அப்பா பெயரைப் போடுவோம். ஒரு மாதம் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா பெயர் முருகன். அங்கே இரண்டு பேரும் அண்ணன் தம்பி என்று நினைத்து, மூளைக்கட்டி குடும்பத்தில் ஓடுகிறதா என்று மரபணு டாக்டரையே கூப்பிட்டுவிட்டார்கள். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, பிள்ளைகளின் பெயரே அந்தப் பக்கம் போயிருக்கக் கூடாது. இப்போது நம்பர்தான். படத்தின் மூலையில் பொறித்து வருகிற பெயரையும் அழித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

12 பிப்ரவரி, இரவு 11.20

அண்ணன் தம்பி என்றதும் நினைவுக்கு வந்தது. அம்மான் கதையின் அடுத்த பாகம், பலருக்குத் தெரியாது.

ஜோர்டானிலும் சொந்தத்துக்குள் கல்யாணம் அதிகம். டி.என்.ஏ.வில் எழுத்துப்பிழை விழுந்தால் திருத்துகிற ஜீன்கள் சில உண்டு. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அவற்றில் ஒன்றின் பழுதான பிரதி வந்துவிட்டால் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே மூளை, குடல், ரத்தம் எதில் வேண்டுமானாலும் புற்றுநோய் வரலாம். உடம்பில் பால்காபி நிறத்தில் மச்சம் போலத் திட்டுகள் இருக்கும். அதனால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற வேறொரு மரபணு நோய் என்று தப்பாக நினைத்துவிடுவது நடக்கும். உலகில் அரிது. ஆனால் ஜோர்டானில் தீவிரமான மூளைக்கட்டி வந்த பிள்ளைகளைச் சோதித்தபோது இந்தப் பழுது எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு இருந்தது. 2016-இல் அம்மான், டொராண்டோ ஆட்கள் சேர்ந்தே வெளியிட்டார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு வழக்கமான டெமோசோலமைடு கீமோ மாத்திரை அவ்வளவாக வேலை செய்யாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அவிழ்த்துவிடுகிற நிவோலுமாப் போன்ற மருந்து சிலருக்குக் கேட்டது. அதே 2016-இல் அண்ணன் தங்கை இருவருக்கு இந்த மருந்தில் கட்டி சுருங்கியதை வெளியிட்டதும் பூஃபே குழுதான்.

ஒரு பக்கம் வாத்தியார், மறுபக்கம் மாணவன் என்ற கணக்கு இங்கே உடைந்துவிட்டது. டொராண்டோவில் மட்டும் உட்கார்ந்திருந்தால் இத்தனை பிள்ளைகளை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

நம் பக்கமும் அக்கா மகள், அத்தை மகன், மாமன் மகள் எல்லாம் உண்டுதானே. எங்கள் ஃபாரத்தில் ‘பெற்றோர் சொந்தமா’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. முன்பெல்லாம் அதைக் காலியாக விட்டுவிடுவோம், கேட்கச் சங்கடம். இப்போது கேட்டு எழுதுகிறோம். கேட்கும்போது பெற்றவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன், பேனாவைப் பார்ப்பேன்.

13 பிப்ரவரி, காலை 6.05

அண்ணன் தங்கையா, அக்கா தம்பியா என்று சரியாகத் தெரியாமல் எழுதிவிட்டேன். உடன்பிறந்தவர்கள் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று வியாழன், கூட்ட நாள். வட அமெரிக்காக்காரர்களுக்குக் காலை 8, நமக்குச் சாயந்திரம் 6.30. கோடையில் அவர்கள் கடிகாரத்தைத் திருகிவிடுவார்கள், 5.30 ஆகிவிடும். வருடா வருடம் அந்த முதல் வாரம் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து அசடு வழிவார்.

13 பிப்ரவரி, இரவு 9.50

இன்று கூட்டம் சுகமில்லை. நெட் போகவில்லை, அது போயிருந்தால்கூடப் பரவாயில்லை.

5 வயதுக் குழந்தை. மெதுவாக வளரும் கிளையோமா, ஒரு தடவை கீமோ கொடுத்தும் மறுபடி வளர்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் சொன்னார்கள்: கட்டியில் பிராஃப் ஜீன் சோதித்துப் பாருங்கள், வி600இ மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். 2023-இல் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கே அனுமதி கிடைத்த ஜோடி. சொன்னது சரி. எங்கள் குழந்தைகள் டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கேமராவை அணைத்த பிறகு என்னைப் பார்த்து, “ஒரு மாத மருந்து அந்தக் குழந்தையின் அப்பாவுக்கு எத்தனை மாதச் சம்பளம் தெரியுமா” என்றார். நான் பதில் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சொன்ன 21 இதுதான். அம்மானில் 23-க்கு 21 ஏன் நடந்தது? தினமும் ஒரு புது நிபுணரைப் பிடித்துக் கேட்கவில்லை. மாதா மாதம் அதே முகங்கள். இவர்களிடம் எந்த மருந்து இருக்கிறது, எந்த மெஷின் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். செய்ய முடிந்ததைத்தான் சொல்வார்கள். இது என் ஊகம், ஆனால் 4 வருடம் மவுஸ் பிடித்த ஊகம். எங்கள் அணியோடு பேசுகிறவர்கள் போன வருடம் மாறிவிட்டார்கள், புதியவர்களுக்கு இன்னும் எங்கள் ஊர் பிடிபடவில்லை.

14 பிப்ரவரி, காலை 7.30

நேற்று எழுதியது பாதிக் கதை. ராத்திரியே எங்கள் டாக்டர் அவர்களுக்கு மெயில் போட்டிருக்கிறார்: இது எங்களால் ஆகாது, வேறு என்ன வழி. காலையில் பதில்: வின்பிளாஸ்டின், வாரம் ஒரு ஊசி. பழைய மருந்து, விலை குறைவு, எங்கள் ஃபார்மசியிலேயே இருக்கிறது. மறுபடி வளர்ந்த கிளையோமாவில் அதைச் சோதித்து 2012-இல் வெளியிட்டது பூஃபே ஆட்கள்தான். சுற்றிச் சுற்றி அதே மனிதர்.

ஆக, முந்தைய குறிப்பில் புதியவர்களைக் கொஞ்சம் அதிகமாகவே குறைசொல்லிவிட்டேன். “ஆகாது” என்று திரையிலேயே சொல்லியிருந்தால் ராத்திரித் தூக்கம் மிச்சம். நம்மவர்களுக்கு வெளியாள் முன்னால் இல்லை என்று சொல்ல வராது.

16 பிப்ரவரி, இரவு 8.45

தம்பி, உங்கள் செய்தி பார்த்தேன். மெடுல்லோபிளாஸ்டோமா என்று வந்திருக்கிறது. கஷ்டமான செய்திதான். ஆனாலும் பிள்ளைகளின் மூளைக்கட்டிகளில் நல்ல வழி தெரிந்த ரகம் இது. பரவாமல் இருந்து, கட்டியையும் முழுசாக எடுத்திருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை என்கிறீர்கள். அத்தான் “கட்டி தலையில்தானே, முதுகுக்கு எதுக்கு இன்னொரு செலவு” என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. எங்கள் கவுன்ட்டரில் வாரம் ஒருவர் கேட்கிறார். பதில் இதுதான்: இந்தக் கட்டி மூளை நீர் வழியாக முதுகுத்தண்டுக்கு விதை போல இறங்கக்கூடியது. இறங்காவிட்டால் மூளைக்கும் முதுகுக்கும் கொடுக்கிற ரேடியேஷன் பொதுவாக 23.4 கிரே (ரேடியேஷனை அளக்கும் அலகு). இறங்கியிருந்தால் 36. கட்டி இருந்த இடத்துக்குத் தனியாக மேலும் உண்டு. 6 வயது மூளைக்கு 23-க்கும் 36-க்கும் நடுவில் இருப்பது அவளுடைய படிப்பு, ஞாபகம், உயரம். குருட்டாம்போக்கில் கூட்டிக் கொடுத்தாலும் நஷ்டம், குறைத்துக் கொடுத்தாலும் நஷ்டம்.

ஆபரேஷன் முடிந்த உடனே எடுத்தால் கசிந்த ரத்தம் கட்டி மாதிரியே தெரிந்து குழப்பும். அதனால் பத்து, பதினாலு நாள் விட்டு எடுப்பார்கள். உங்களுக்கு இன்று 18-ஆவது நாள், சரியான நேரம். தண்டுவட நீரையும் எடுத்துப் பார்ப்பார்கள். ரேடியேஷனை வழக்கமாக ஆபரேஷனிலிருந்து 4 முதல் 6 வாரத்துக்குள் ஆரம்பிக்கப் பார்ப்பார்கள். வெளிநாட்டு அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருந்து இந்த வாரங்களைத் தின்றுவிடாதீர்கள்.

உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “இவள் கேஸை டியூமர் போர்டில் வைத்துப் பேசினீர்களா சார்?” நான் சொன்ன மாதிரி எல்லா டாக்டர்களும் உட்காரும் கூட்டத்துக்குப் பெயர்தான் டியூமர் போர்டு. உள்ளூர் போர்டாக இருக்கட்டும், டொராண்டோவாக இருக்கட்டும். கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் மாட்டார்கள்.

16 பிப்ரவரி, இரவு 9.10

மேலே ‘பெரும்பாலும்’ என்று போட்டது அனுபவத்தில்தான்.

18 பிப்ரவரி, இரவு 10.05

கேட்டீர்களா, நல்லது. வியாழக்கிழமை போர்டில் வைக்கிறார்களாம், வீடியோவில் இன்னோர் ஊர் டாக்டர்களும் வருகிறார்களாம். 40 ஆயிரம் இல்லாமலே. உங்கள் சொந்தக்காரரிடம் சொல்ல வேண்டாம், அவர் ஏற்பாடுதான் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

முதுகுத்தண்டு ஸ்கேன் நாளைச் சாயந்திரம் 4 மணி என்று கொடுத்திருக்கிறார்கள் என்கிறீர்கள். இன்று ராத்திரியே ரேடியாலஜி கவுன்ட்டரில் கேளுங்கள், மயக்கம் கொடுத்து எடுக்கிற சின்னப் பிள்ளை, முதல் ஸ்லாட் கிடைக்குமா என்று. மயக்கத்துக்கு 6 மணி நேரம் சாப்பாடு கூடாது என்பார்கள். காலை 8 மணி என்றால் அவள் தூங்குகிற நேரத்திலேயே பட்டினி கழிந்துவிடும். தண்ணீர் எதுவரை தரலாம் என்று மயக்க டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். கொலுசு, தோடு, ஹேர்பின், அரைஞாண் எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். எங்களிடம் வந்து கழற்றும்போதுதான் பிள்ளைகள் அழ ஆரம்பிப்பார்கள்.